ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஆர்லாண்டோ: குட்டியுடன் டிஸ்னி பயணம்

ஏப்ரல் 12, சனி

நுரையீரல் டாக்டர் சரி சொல்லிவிட்டார். நேற்று மாலை அவரைப் பார்த்துவிட்டு வீடு வந்ததும் முதல் வேலையாக ஆர்லாண்டோ பக்கத்தில் கிஸ்ஸிமியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பதிவு செய்தோம். மாதக் கடைசியில் அட்லாண்டாவிலிருந்து காரில் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்புகிறோம், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயும் வயிற்றில் பால் குழாயும் உள்ள எங்கள் மகன் குட்டியோடு.

தெரிந்தவர்களில் பாதிப் பேர் "இப்ப எதுக்கு, அவன் கொஞ்சம் தேறட்டுமே" என்கிறார்கள். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதே மாதிரிக் குழந்தை வைத்திருக்கிறவர்கள் எப்படிப் போகிறீர்கள், எதையெல்லாம் எடுத்துப் போகிறீர்கள், டாக்டர் எதற்கு ஒத்துக்கொண்டார் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அன்றன்றைக்கு எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

குட்டி போன வருடம் மார்ச்சில் 26 வாரத்தில் பிறந்தான். பிறந்து 13 மாதம் ஆகிவிட்டது என்றாலும், மூன்று மாதத்துக்கு மேல் முந்திக்கொண்டு வந்ததால் வளர்ச்சியைப் பார்க்கும்போது 10 மாதக் குழந்தையாகத்தான் கணக்கு. நுரையீரல் முதிராமல் பிறந்து வெகுநாள் வெண்டிலேட்டரில் இருந்த குழந்தைகளுக்கு வருகிற பிபிடி என்கிற நுரையீரல் கோளாறு அவனுக்கு இருக்கிறது. அதனால் இரவும் பகலும் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்ஸிஜன். வாயால் கொஞ்சம் சப்பிச் சாப்பிடப் பழகுகிறான், மற்றபடி பால் எல்லாம் வயிற்றில் வைத்திருக்கிற பட்டன் வழியாகத்தான்.

பெரியவளுக்கு 6 வயது. தம்பி பிறந்ததிலிருந்து அவள் பக்கத்து வீட்டிலும் ஆஸ்பத்திரி வரவேற்பறையிலும் மாறி மாறி வளர்ந்தவள். நேரே என்ஐசியு என்கிற பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் வரை வந்துவிட்டு, சளிக் காலத்தில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அந்த நாட்களில் அவள் வரைந்த படங்களில் எல்லாம் ஒரு நீலக் கோபுர அரண்மனை இருக்கும், வாசலில் நாங்கள் நான்கு பேரும் நிற்போம். யாராவது ஒருவர் குட்டியோடு வீட்டில் இருந்துகொண்டு மற்றவர் அவளைக் கூட்டிப் போகலாம் என்று யோசனை சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். அவள் கேட்டது நான்கு பேராக.

ஏன் இந்த மாதம் என்பதற்கு வருகிறேன். இந்தக் குழந்தைகளுக்குப் பெரிய எதிரி ஆர்எஸ்வி என்கிற வைரஸ். அது குளிர்காலத்து நோய், ஃப்ளோரிடாவில் மற்ற மாநிலங்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அதனால் இலையுதிர்காலமும் கிறிஸ்துமஸும் எங்களுக்குக் கிடையாது. ஜூன் வந்தால் மத்தியான வெயிலும் புழுக்கமும், மூன்று மணிக்கு மேல் இடி மழையும். ஈஸ்டர் கூட்டம் கலைந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதைத்தான் பிடித்திருக்கிறோம். ஆர்எஸ்விக்கு எதிரான நிர்செவிமாப் ஊசியைப் போன அக்டோபரிலேயே போட்டாயிற்று. 12 மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கான எம்எம்ஆரும் போட்டாயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2014 டிசம்பரில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மை பல மாநிலங்களுக்குப் பரவியது, 2025 தொடக்கத்தில் டெக்ஸாஸிலும் பரவியது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து கூடுகிற இடம். ஊசி போட்டு குறைந்தது இரண்டு வாரமாவது ஆன பிறகுதான் கூட்டத்துக்குள் போகவேண்டும் என்று குழந்தை டாக்டர் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஏன் விமானத்தில் போகக்கூடாது என்று கேட்டவர்களுக்கு.

பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குக் குறையலாம். நமக்கு ஒன்றும் தெரியாது, இவனுக்குத் தெரியும். சொந்தச் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பேட்டரியில் ஓடுகிற கையடக்க மெஷின்களை விடுவார்கள், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூச்சை இழுக்கும்போது மட்டும் ஆக்ஸிஜனைத் தள்ளுகிற வகை. குட்டி இழுக்கிற மூச்சு அந்த மெஷினை உசுப்பும் அளவுக்குப் போதாது. அவனுக்கு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிற ஓட்டம் வேண்டும், ஆகவே சிலிண்டர், ஆகவே கார். ஊரும் தோதாக அமைந்தது. அட்லாண்டா கடல் மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேல், ஆர்லாண்டோ 100 அடி அளவில். கொலராடோ மலைப்பக்கம் போகிறோம் என்று சொல்லியிருந்தால் டாக்டர் பேச்சையே எடுக்க விட்டிருக்கமாட்டார்.

இன்று முழுக்க சிலிண்டர் கணக்கு. தோளில் மாட்டிப் போகிற சின்னச் சிலிண்டருக்கு எம்6 என்று பெயர். ஏறத்தாழ 165 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்றால் 11 மணி நேரம் வரும். ஆனால் யாரும் 11 மணி நேரம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். சிலிண்டரின் அழுத்தம் காட்டுகிற முள் 2,000த்தில் தொடங்கி 500க்கு வந்ததுமே மாற்றிவிடுவது எங்கள் வழக்கம், அப்போது எட்டு மணி நேரம்தான். அழுதாலோ சளி பிடித்தாலோ அரை லிட்டருக்கு ஏற்றவேண்டியிருக்கும், அப்போது நான்கு. அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறோம். பெரிய சிலிண்டர் இ வகை, 680 லிட்டர், கால் லிட்டரில் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓடும். அது வீட்டில் மின்சாரம் போனால் கைகொடுக்க. நான்கு சின்னது, இரண்டு பெரியது எடுத்துக்கொள்கிறோம். இரவில் ஓடுகிற, அறைக் காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற கான்சென்ட்ரேட்டர் மெஷினை மட்டும் கிஸ்ஸிமி வீட்டுக்கே கொண்டுவந்து வைக்கும்படி ஆக்ஸிஜன் கம்பெனியிடம் சொல்லியிருக்கிறோம். இதற்கு டாக்டர் எழுதித் தந்த சீட்டு வேண்டும், இரண்டு வாரமாவது முன்னால் சொல்லவும் வேண்டும். தேதி குறித்த அன்றே போன் போட்டது இதற்காகத்தான்.

நேற்று சித்திரை ஒன்று. அம்மா மதுரையிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், அதனால் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ எல்லாம் முறையாக நடந்தது. விளக்கு மட்டும் கூடத்தின் அந்தக் கோடியில், குட்டி இந்தக் கோடியில். ஆக்ஸிஜன் ஓடுகிற இடத்தில் தீபம், கற்பூரம், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. அதே காரணத்துக்காகத்தான் முகத்தில் தேங்காய் எண்ணெயும் வாசலினும் கிடையாது. பேரனுக்கு எண்ணெய் தேய்க்காமல் இருப்பது அம்மாவுக்குப் பெரிய தியாகம், காலுக்கு மட்டும் தேய்த்துக்கொள்கிறார்.

பச்சடியைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்புட்டு தூரம் போகணுமா?"

"நீங்களும் வர்றீங்கம்மா" என்றேன். பதில் சொல்லவில்லை. இன்று காலையில் தன் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 19, சனி

காகித வேலை. ரொம்ப எழுத ஒன்றுமில்லை, ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அவசர மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே ஒரு அவசரத் தகவல் படிவம் வைத்திருக்கிறார்கள். குழந்தைக்கு என்ன நோய், என்னென்ன மருந்து எந்த அளவில், சாதாரண நாளில் ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு, எது ஒவ்வாது என்று எல்லாம் அதில் வந்துவிடும். டாக்டரிடம் கையெழுத்து வாங்கி நகல் எடுத்து, ஒன்று ஸ்ட்ரோலரில், ஒன்று காரில், ஒன்று என் கைப்பையில். முன்பின் தெரியாத ஊரில் நள்ளிரவில் ஒரு நர்ஸிடம் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

ஆஸ்பத்திரிகளைக் குறித்துக்கொண்டோம். நாங்கள் தங்குகிற பக்கத்துக்கு மிக அருகில் அட்வென்ட்ஹெல்த் செலிப்ரேஷன். குழந்தைகளுக்கென்றே உள்ளவை என்றால் லேக் நோனாவில் நெமோர்ஸ், ஆர்லாண்டோ நகருக்குள் ஆர்னால்ட் பாமர். மூச்சுத் திணறல் என்றால் 911, யோசிக்கவே கூடாது. அவசரமில்லாத தொந்தரவு என்றால் குழந்தைகள் ஆஸ்பத்திரி. இதை நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, எழுதி வைத்துவிட்டோம். அங்கே போய் நின்றுகொண்டு விவாதம் செய்ய நேரம் இருக்காது.

இன்சூரன்ஸிலும் கேட்டோம், வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டும் கவலையில்லை. ஜார்ஜியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெற்றோர் சம்பளத்தைப் பார்க்காமல் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு மெடிக்கெய்ட் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு தருகிற கேட்டி பெக்கெட் திட்டம் இருக்கிறது. இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் விண்ணப்பியுங்கள்.

எங்கள் டாக்டர் தந்த எல்லை இது: ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற, விரலில் மாட்டுகிற மீட்டரில் 92க்குக் கீழே இறங்கினால் அரை லிட்டருக்கு ஏற்றிவிட்டு அவருக்குப் போன் செய்யவேண்டும். ஏற்றியும் 90ஐத் தாண்டாவிட்டால் ஆஸ்பத்திரி. இது எங்கள் குழந்தைக்குச் சொன்னது, உங்கள் குழந்தைக்கு எண் வேறாக இருக்கும். உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பால்.

வீட்டில் மாவுப் பால் கலக்கி பம்பில் ஓட்டுகிறோம். மாவு கிருமி நீக்கம் செய்யப்பட்டது அல்ல. கலக்கி வெளியே வைத்தால் நேரம் ஓட ஓட ஆபத்து, அதிலும் ஃப்ளோரிடா வெயிலில். உணவியல் நிபுணரிடம் கேட்டேன், பயணத்துக்கு மட்டும் அப்படியே திறந்து ஊற்றுகிற பாட்டில் பாலுக்கு மாற்றிக் கொடுத்தார். திறக்காத வரை குளிர்ச்சி தேவையில்லை. வயிறு பழகட்டும் என்று இன்றே தொடங்கிவிட்டோம். புதுப் பாலை முதன்முதலில் பார்க்கிலா கொடுத்துப் பார்ப்பது?

திறந்த பாட்டிலுக்கும் மருந்துக்கும் குளிர்ப்பை வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து டிஸ்னி பார்க்குகளுக்குள் உதிரி ஐஸ் கட்டிகளும் ட்ரை ஐஸும் கொண்டுபோக விடுவதில்லை, உறையவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற ஜெல் பைகள்தான். அதே சமயத்தில்தான் ஸ்ட்ரோலர் அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் விதி வந்தது. எங்கள் ஸ்ட்ரோலரை டேப் வைத்து அளந்து பார்த்தாயிற்று. அத்தோடு பார்க்குகளுக்குள் புகை பிடிப்பதையும் முழுக்க எடுத்துவிட்டார்கள். ஆக்ஸிஜன் குழந்தை வைத்திருக்கிற எனக்கு அது ஒன்றே போதும், மற்ற விதிகள் எல்லாம் எவ்வளவு கெடுபிடியாக இருந்தாலும் சரி.

குட்டிக்குப் பகலில் பால் நேரம் காலை 7, 11, மாலை 3, இரவு 7. ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் பம்ப் ஓடும். எங்கள் பார்க் திட்டம் இந்த நான்கு எண்ணைச் சுற்றித்தான் வந்தது. 7 மணிப் பால் வீட்டில், முடித்ததும் கிளம்பினால் 9 மணிக்கு வாசல். 11 மணிப் பால் பார்க்குக்குள், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வெளியேறி, 3 மணிப் பாலுக்கு வீடு. எந்தச் சவாரிக்கு எத்தனை மணிக்கு வரிசை குறையும் என்று சொல்கிற திட்டங்கள் ஆயிரம் கிடைக்கின்றன, எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நீங்கள் முதலில் எழுதவேண்டியது குழந்தையின் பால், மருந்து, தூக்க நேரம். மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதில்தான் மிக்கி.

ஏப்ரல் 26, சனி

இன்று ஒத்திகை. அட்லாண்டா மிருகக்காட்சி சாலைக்கு, டிஸ்னிக்கு என்ன எடுத்துப் போவோமோ அத்தனையும் ஏற்றிக்கொண்டு காலை 9 மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பினோம். எல்லோரும் கட்டாயம் செய்யவேண்டியது இது. ஒரு அரைநாளில் எத்தனை விஷயம் தெரிந்தது!

பையை ஸ்ட்ரோலர் கைப்பிடியில் மாட்டினால், குழந்தையைத் தூக்கிய மறுநொடி வண்டி பின்னால் சாய்கிறது, அதில் சிலிண்டர் வேறு இருந்தால் குழாய் இழுபடும். அதனால் சிலிண்டரும் கனமான சாமான்களும் அடிக்கூடையில், துணிப்பட்டையால் கட்டி. கைப்பிடியில் ஒன்றும் வேண்டாம்.

அப்புறம் கன்னத்து டேப். கேனுலா குழாயை இரண்டு கன்னத்திலும் ஒட்டி வைத்திருப்போம். வியர்வையில் பத்து மணிக்கெல்லாம் ஓரம் கிளம்பிவிட்டது, குட்டிக்கு அதுதான் விளையாட்டு, ஒரு விரலை விட்டு நோண்டி, பிடித்து இழுத்து, குழாயை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். வீட்டுக்கு வந்து, தோலில் முதலில் மெல்லிய புண்-ஒட்டியை வட்டமாக வெட்டி ஒட்டி, அதன்மேல் குழாய், அதன்மேல் டேப் என்று மாற்றினோம். தோல் உரியாமலும் இருக்கிறது, வியர்வைக்கும் நிற்கிறது. வெட்டிய வட்டங்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், பெரியவள்தான் பேனாவில் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வரைந்தாள்.

மாலையில் வயிற்றுப் பட்டனை மாற்றிப் பார்க்கிற பயிற்சி. எப்படியும் மாற்றவேண்டிய நாள் நெருங்கிவிட்டது, அதனால் இன்று அவர் மாற்றினார், நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனை வயிற்றுக்குள் பிடித்து நிறுத்துகிற பழைய பலூனிலிருந்து தண்ணீரை ஊசிக்குழாயால் உறிஞ்சி, பட்டனை எடுத்து, புதியதை வழுக்குக் களிம்பு தடவி உள்ளே வைத்து, பலூனில் 5 மில்லி தண்ணீர் ஏற்றி, வயிற்றிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்து உறுதி செய்யவேண்டும். இது எங்காவது கழன்று விழுந்தால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் மாற்றுப் பட்டன் குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கவேண்டும், கார் டிக்கியில் இருந்து பிரயோஜனமில்லை. டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் கார் நிறுத்துகிற இடம் ஏரிக்கு இந்தப்பக்கம், பார்க் அந்தப்பக்கம். நடுவில் மோனோரயிலோ படகோ ஏறவேண்டும். "கார்ல இருக்கு, போய் எடுத்துட்டு வரேன்" என்பதற்கு அங்கே வழியில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

கிஸ்ஸிமியிலிருந்து எழுதுகிறேன், நேரம் இரவு 11.

காலை 7 மணிப் பால் முடிந்து 8 மணிக்குக் கிளம்பினோம். 75ஆம் எண் நெடுஞ்சாலையில் மேக்கன், டிஃப்டன், வால்டோஸ்டா வழியாகத் தெற்கே, பிறகு வைல்ட்வுட்டில் டர்ன்பைக் என்கிற சுங்கச்சாலை. 440 மைல் சுமார். நேரே ஓட்டினால் ஆறரை ஏழு மணி நேரம், நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவனைக் கார் சீட்டிலிருந்து எடுத்துப் படுக்கவைத்தோம், ஏனென்றால் உட்கார்ந்த வாக்கில் தலை முன்னே சாய்ந்தால் மூச்சுப்பாதை மடங்கும். நான் பின் சீட்டில் அவன் பக்கத்திலேயே, மீட்டரைப் பார்த்தபடி. சிலிண்டர்களை உருளாமல் கட்டி வைத்து, ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்திருந்தோம். நிறுத்துகிற இடங்களில் எல்லோரும் ஒன்றாக இறங்கி காரைப் பூட்டிவிட்டுப் போவது கிடையாது. வெயிலில் பூட்டிய காருக்குள் சிலிண்டரை விடக்கூடாது.

வார்னர் ராபின்ஸ் பக்கத்து பக்கீஸ் பெட்ரோல் பங்கில் அம்மாவும் பெரியவளும் கழிப்பறைச் சுத்தத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். ஃப்ளோரிடா எல்லை தாண்டியதும் வரவேற்பு மையத்தில் இலவச ஆரஞ்சு ஜூஸ். கொண்டுவந்திருந்த புளியோதரையை அங்கே மரத்தடியில் சாப்பிட்டோம், குட்டியின் 11 மணிப் பால் அங்கேதான் கொஞ்சம் தாமதமாக ஓடியது.

ஐந்தரைக்கு வீடு வந்தால், நான்கு மணிக்குள் வந்திருக்கவேண்டிய கான்சென்ட்ரேட்டர் இல்லை. போன் செய்தால் வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். ஏழு மணிக்கும் அதே பதில். எட்டு மணிக்கு வேறு ஒருவர் எடுத்து, அந்த முகவரி தன் பட்டியலிலேயே இல்லை என்றார். உறுதி செய்து வந்த மின்னஞ்சலை அவருக்கே திருப்பி அனுப்பினேன், அதன் பிறகுதான் ஆள் கிளம்பினார், மெஷின் வந்து சேர்ந்தபோது பத்தரை. கோபம் எனக்கு வந்தது, மறைக்கவில்லை. காற்றும் பாலும் போல இதுவும் ஒரு குழந்தையின் உயிர்த் தேவை, அதை சோபா டெலிவரி மாதிரி நடத்தக்கூடாது.

ஆனால் இந்த ஐந்து மணி நேரமும் குட்டி பெரிய சிலிண்டரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். முள் லேசாகத்தான் நகர்ந்திருந்தது. மெஷின் நாளை மறுநாள் வந்திருந்தாலும் ஓடியிருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கம்பெனி கொண்டுவருவதை நம்பிக் கிளம்பாதீர்கள், அது வராவிட்டாலும் இரண்டு நாள் தாங்குகிற அளவு உங்கள் காரில் இருக்கட்டும்.

நாளை எங்கும் போகவில்லை. நீண்ட பயணத்துக்கு மறுநாள் அவனுக்கு ஓய்வு, இதுவும் டாக்டர் போட்ட நிபந்தனை. பெரியவளுக்கு நீச்சல் குளம் இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

மேஜிக் கிங்டம்!

காலை மீட்டரில் 96. மூக்கு சுத்தம், சளி இல்லை, ராத்திரி நன்றாகத் தூங்கினான். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் இன்று போவதில்லை என்று பெரியவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். எழுந்ததும் அவளே ஓடிவந்து மீட்டரைப் பார்த்தாள்.

வாசலில் பைகளைச் சோதிக்கிறவரிடம் முதலிலேயே ஆக்ஸிஜன், பம்ப், மருந்து என்று சொல்லிவிட்டோம், அவர் பொறுமையாகப் பார்த்து அனுப்பினார். 3 வயதுக்குள் உள்ளவர்களுக்கு டிக்கெட் கிடையாது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் சிட்டி ஹால் என்கிற உதவி மையம், அங்கே ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருதும்படி ஒரு சிவப்பு அட்டை வாங்கிக் கட்டினோம். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு சவாரி வாசலிலும் ஸ்ட்ரோலரை வெளியே விட்டுவிட்டு, சிலிண்டரையும் பம்பையும் குழந்தையையும் கையில் சுமக்கவேண்டும். வரிசையில் நிற்காமல் காத்திருக்க உதவுகிற டிஏஎஸ் வசதியை 2024 மே மாதத்திலிருந்து பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று மாற்றிவிட்டார்கள், நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை. எங்களுக்கு உதவியது ரைடர் ஸ்விட்ச். செவன் ட்வார்ஃப்ஸ் சுரங்க ரயிலுக்கு 38 அங்குல உயரம் வேண்டும். பெரியவளும் அவரும் ஏறினார்கள், நானும் அம்மாவும் குட்டியோடு நிழலில். அவர்கள் இறங்கியதும் நான் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் போகலாம், பெரியவளும் என்னோடு இன்னொரு முறை ஏறலாம். இரண்டாம் முறை ஏறும்போது எந்த வளைவில் கையைத் தூக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

11 மணிக்கு குழந்தைகள் பராமரிப்பு நிலையம். மெயின் ஸ்ட்ரீட் முடிகிற இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி. குளிர்ச்சியான அறை, பாலூட்ட மங்கலான தனி அறை, மைக்ரோவேவ், கழுவத் தொட்டி, மாற்ற மேசை. பக்கத்துக் கதவு முதலுதவி நிலையம், நர்ஸ்கள் இருக்கிறார்கள், குளிரில் வைக்கவேண்டிய மருந்தை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார்கள். நுழைந்த உடனேயே அங்கே போய்க் குட்டியின் படிவத்தைக் காட்டி, இன்று உள்ளே இருக்கிறோம் என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். அந்த நர்ஸ் முழுவதும் படித்துவிட்டு, பட்டன் அளவை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் எனக்குத் தோள் இறங்கியது.

பால் ஓடி முடிந்ததும் கேரசல் ஆஃப் ப்ராக்ரஸ். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த, அரங்கமே சுற்றுகிற நாடகம். 20 நிமிடம் ஏசி, மெல்லிய வெளிச்சம், குலுக்கல் இல்லை, அவசரம் இல்லை. குட்டி கண்ணை அகல விரித்து முதல் காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டாவதில் தூங்கிவிட்டான். சிலிண்டரோடு எதற்கு விடுவார்கள், எதற்கு விடமாட்டார்கள் என்பதை அந்தந்த வாசலில் நிற்பவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தோம். விடாததற்கு வருத்தப்பட நேரமில்லை.

அப்புறம் அந்த அரண்மனை. 189 அடி உயரம். வேறு ஒரு குடும்பத்து அப்பா எங்களைப் படம் எடுத்துத் தந்தார். பெரியவள் தம்பியின் ஸ்ட்ரோலரை அவளே தள்ளிக்கொண்டுபோய் வாசலுக்கு நேராக நிறுத்தி, எங்களை வரிசையாக நிற்கவைத்து, அம்மாச்சியையும் இழுத்து நடுவில் நிறுத்தினாள். அவள் வரைந்த படங்களில் நான்கு பேர், இதில் ஐந்து. கண்கலங்கியது அம்மாதான், பிறகு நான்.

ஒரு மணிக்கு மோனோரயிலில். அதில் ஸ்ட்ரோலரை மடக்கவேண்டாம், பேருந்தில் ஏறினால் மடக்கவேண்டியிருக்கும். இரவு வாணவேடிக்கைக்கு இருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு காது மூடி இருக்கிறது, புகைக்கு ஒன்றும் இல்லை. பெரியவளுக்குக் காரணம் தெரியும், ஆனாலும் கொஞ்சம் முகம் வாடியது, வாடவேண்டியதுதான்.

மே 1, வியாழன்

ஓய்வு நாள். ராத்திரி முழுக்க 95, 96. காலையில் சிலிண்டர் கம்பெனி ஆள் வந்து காலியான இரண்டை எடுத்துக்கொண்டு நிறைந்ததைத் தந்துவிட்டுப் போனார், இந்த முறை சொன்ன நேரத்துக்கு. குட்டிக்கு இடது கன்னத்தில் லேசான சிவப்பு, டேப்பைக் கொஞ்சம் மேலே மாற்றி ஒட்டியிருக்கிறேன். துவைத்த துணி, கழுவிய பம்ப் குழாய்கள், ஃப்ரீசரில் ஜெல் பைகள்.

வாணவேடிக்கைக்கு வழி கண்டுபிடித்துவிட்டோம். இன்று இரவு அவரும் பெரியவளும் மட்டும் பாலினீசியன் ஹோட்டல் கரைக்குப் போகிறார்கள், ஏரியின் இந்தப் பக்கம் நின்றே அரண்மனை மேல் வெடிப்பது தெரியும். நானும் அம்மாவும் குட்டியும் வீட்டில், 7 மணிப் பாலோடு.

மூக்கும் மீட்டரும் சரியாக இருந்தால் நாளை டிஸ்னியின் இன்னொரு பார்க்கான எப்காட், காலை மட்டும்.